ஊர்ச் சரித்திரமும் அதனை ஆராயும் கழகமும்

சென்ற திங்கள் நம் சங்கத்தார் கூடியிருந்த பொழுது, காட்டூரில் ஊர்ச் சரித்திரக் கழகம் ஒன்று நிறுவுதல் வேண்டும் என்னும் பிரேரணை வந்தது. அதனை மறுத்தார் ஒருவரும் இலர். ஆயின், அக்கழகத்தில் நம்மவர் மட்டும் அமர்தல் வேண்டுமா, ஏரிக்கரையில் வாழும் ஏனையோரும் வந்து அமரலாமா என்னும் வினா எழுந்த மாத்திரத்தில் அபிப்பிராயம் இரண்டாகப் பிரிந்தது. முடிவு காணாமலே கூட்டம் கலைந்தது. அவ்வினாவிற்கு என் சிற்றறிவுக்கு எட்டிய விடையை நம் பத்திரிகை வாயிலாகப் பெரியோர் திருமுன் வைத்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நம்மவர் மட்டும் இருத்தல் வேண்டும் என்றாரை யான் குறைகூறேன். அவருள் முதியார் ஒருவர் கூறிய காரணம் வலியுடையது. "ஏட்டில் எழுதினாரெல்லாம் நம்மைப்பற்றி எழுதியது என்ன? ஓடத்தை எழுதினர், வலையை எழுதினர், மீனை எழுதினர், ஓடத்தில் இருந்தவன் பெயரை எழுதினாரில்லை. இப்பொழுதேனும் நம் கதையை நாமே எழுதுவோம். அதிற் பிறர்க்கு என்ன வேலை?" என்று அவர் வினவினர். இவ்வினாவில் நெடுங்காலத்து மனக்குறை அடங்கியுள்ளது. அதனை மதித்தே மேற்செல்லுதல் முறை.

பழவேற்காட்டைப் பற்றி நூல்களிற் காணும் சரித்திரம் பெரும்பாலும் ஒல்லாந்தர் சரித்திரமே. பதினாறாம் நூற்றாண்டிற் போர்த்துகேசியர் ஈண்டு வந்து தங்கினர். அவர்க்குப் பின் வந்த ஒல்லாந்தர், 1610-ஆம் ஆண்டில் விசயநகர வேந்தராகிய வேங்கடபதிராயர்பால் வாணிக உரிமை பெற்று, 1613-இல் கெல்திரியா என்னும் கோட்டையை முடித்தனர். 1690 வரையிற் சோழமண்டலக் கரையில் அவர்தம் தலைமையிடம் அதுவேயாயிருந்தது. பின்னர்த் தலைமை நாகப்பட்டினத்திற்கு மாறியது. 1825-இல் பழவேற்காடு முற்றிலும் ஆங்கிலேயர் வசமாயிற்று. இவ்விடத்தினின்றும் ஏற்றுமதியான கட்டம்போட்ட துணிக்கு மேனாட்டார் நம் ஊர்ப்பெயரையே இட்டு வழங்கினர். வெடிமருந்தும் ஈண்டுச் செய்யப்பட்டது. ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டத்து வாயிலில் எலும்புக்கூடு வடிவம் செதுக்கிய கற்கள் நிற்பதையும், உள்ளே கல்வெட்டுச் சித்திரங்களோடு பெருங்கல்லறைகள் கிடப்பதையும் நம்மிற் பலர் சிறுவயது முதற் கண்டுளோம்.

இத்தனை செய்திகளும் எங்ஙனம் நிலைத்தன? ஒல்லாந்த வணிகக் கம்பெனியார் கடிதமும் கணக்கும் இடைவிடாது எழுதி வைத்தனர். அவை இன்றும் நெதர்லாந்து தேசத்து ஹேக் நகரத்து ஆவணச்சாலையிற் பேணப்படுகின்றன. கடலில் நங்கூரமிட்டு நின்ற கப்பலுக்கும் கரைக்கும் இடையே அலையைக் கடந்து படகு செலுத்தினவன் கணக்கு எழுதினானில்லை. எழுதினவன் சரித்திரத்தில் நின்றான், உழைத்தவன் மறைந்தான். ஆதலின் அம்முதியார் கூறிய குறை மெய்யே என்க.

நிற்க. எழுதாதொழிந்த நம் சரித்திரம் எங்கே உள்ளது என்பதே இனி ஆராயற்பாலது. அது பெரும்பாலும் மக்கள் நினைவிலும் தொழில் வழக்கத்திலும் உள்ளது. அதற்கு ஏற்ற உதாரணம் நம் ஏரியிற் பாடு வைத்துத் தொழில் செய்யும் முறையாம். பாடு என்னும் சொல்லுக்குப் படுவது என்பது பொருள். மீன் படும் இடத்தையும், அவ்விடத்தில் ஒருவர்க்கு உற்ற முறையையும் அச்சொல் ஒருங்கே குறிக்கின்றது. ஏரியில் எல்லா இடமும் ஒரு தன்மையன அல்ல. முகத்துவாரத்தை அடுத்த ஓட்டமுள்ள இடத்தில் இறால் மிகுதியாகப் படும். ஏனைய இடங்களிற் குறையும். வலியவன் நல்ல இடத்தைப் பற்றிக்கொண்டால் எளியவன் பட்டினி கிடப்பான். இதனைத் தடுத்தற்கே நம் முன்னோர் தலைக்கட்டுக்களைக் கணக்கிட்டு, சீட்டுப் போட்டு, இன்னார்க்கு இன்ன நாளில் இன்ன இடம் என்று முறை வகுத்தனர். இன்று நல்லிடம் பெற்றவன் நாளை அதனை விட்டகல்வான். இன்று பொய்த்த இடம் பெற்றவனுக்கு நாளை நல்லிடம் வரும். அரசாங்கத்தார் எவரும் இதனை வகுத்துத் தந்தாரல்லர். உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் உள்ள அறிஞர் இம்முறையை நேரில் வந்து ஆராய்ந்து வியந்து எழுதியுள்ளனர். இது நம் குலத்திற்குப் பெருமையே.

இப்பாட்டு முறை பற்றிய என் குடும்பத்து நிகழ்ச்சி ஒன்றை ஈண்டுக் கூறுதல் வேண்டும். என் பாட்டனார் எழுத்தறிந்தவர். ஒவ்வோராண்டும் சீட்டு விழுந்த முறையை அவர் ஒரு நீண்ட கணக்குப் புத்தகத்தில் எழுதி வைப்பது வழக்கம். எவர் வீட்டில் எந்த ஆண்டு மணம் நிகழ்ந்து புதிய தலைக்கட்டு உண்டாயிற்று, எவர் இறந்தார், எந்த ஆண்டு முகத்துவாரம் மணலால் அடைபட்டது என்னும் செய்திகளும் ஓரத்திற் குறிக்கப்பட்டிருந்தன. அப்புத்தகம் எங்கள் குப்பத்து வீட்டில் மரப்பெட்டியில் இருந்தது. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபொழுது பெட்டியுள்ளும் உப்புநீர் புகுந்தது. உயிர் பிழைத்தோம் என்ற மகிழ்ச்சியில் நான்கு நாள் அதனை ஒருவரும் நினைத்திலோம். ஐந்தாம் நாள் எடுத்து வெயிலில் வைத்தேன், தாள் காய்ந்தது, எழுத்துக் காணவில்லை. தமிழ் கற்றுப் பட்டம் பெற்றிருந்த யான், என் வீட்டுப் புத்தகத்தை ஒருமுறையேனும் பெயர்த்தெழுதி வைத்தேனல்லேன். அந்நாணம் இன்றும் என்னை விட்டகலவில்லை.

பின்னர்ப் பல ஆண்டுகள் கழித்து, பழவேற்காட்டில் ஒரு முகமதிய அன்பர் இல்லத்திற்கு ஒரு காரியமாகச் சென்றேன். அவர் முன்னோர் நம்மவரிடம் இறாலும் மீனும் கொள்முதல் செய்தவர். யான் இன்னார் பேரன் என்று கேட்டவுடன் அவர் உள்ளே சென்று பழைய பற்றுவரவுப் புத்தகங்கள் மூன்று கொணர்ந்தார். எந்நாளில் எவர் பாட்டில் எவ்வளவு சரக்கு வந்தது என்று அவற்றில் நாள்வாரியாக எழுதியிருந்தது. என் பாட்டனார் பெயரும், அவர் தோழர் பெயரும், எங்கள் குப்பத்தின் முறை வந்த நாட்களும் அதிற் கண்டேன். என் வீட்டில் அழிந்த சரித்திரத்தின் ஒரு பகுதி, எங்கள் குலமும் அல்லாத, எங்கள் மதமும் அல்லாத மற்றொருவர் வீட்டில் அழியாதிருந்தது. "தம்பி, உங்கள் தாத்தா கணக்கும் எங்கள் தாத்தா கணக்கும் ஒன்றே; ஆண்டிறுதியில் இருவரும் ஒத்துப் பார்ப்பார்கள்" என்று அவர் கூறினார். அச்சொல்லே யான் இக்கட்டுரையிற் கூறவரும் கொள்கைக்கு வித்தாயிற்று.

அன்பர்காள்! ஓர் ஊரின் சரித்திரம் உடைந்த பானை போன்றது. ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வோர் ஓடு கிடக்கின்றது. தன் வீட்டு ஓட்டை மட்டும் வைத்துக்கொண்டு பானையின் உருவத்தைக் கூறப் புகுந்தவன் தன் மனத்தில் தோன்றியதையே கூறுவான். நம்மவர் மட்டும் கூடி எழுதுவோமாயின் குலப்பெருமை கூறும் புத்தகம் ஒன்று கிடைக்கும். ஊர்ச் சரித்திரம் கிடைக்காது. ஒல்லாந்தர் தம்மை மட்டும் எழுதினர் என்று அவரைக் குறைகூறும் நாம், அவர் செய்த பிழையையே செய்தவராவோம்.

ஏரிக்கரையில் எவரிடத்து எவ்வோடு உள்ளது என்று சிறிது பார்ப்போம். இருளர் பெண்டிர் பனையோலைப் பறியை வாயிற் கவ்விக்கொண்டு, நீரில் அமர்ந்து கையாலேயே இறாலைத் தடவிப் பிடிப்பர். வலையில்லாத் தொழிலாதலின், எவ்விடத்துச் சேறு எத்தன்மைத்து, எப்பருவத்தில் எம்மீன் எங்கே ஒதுங்கும் என்பதை அவர்போல் அறிந்தார் இலர். முகமதியக் குடும்பங்களிற் சிலவற்றில், தமிழை அரபு எழுத்தால் எழுதிய அரபுத்தமிழ் ஏடுகள் இருத்தல் கூடும். அவற்றைப் படிக்க வல்ல முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். அவ்வில்லத்துப் பெண்டிர் பின்னும் பனையோலைப் பெட்டிகளும் ஒரு சரித்திரமே. கிறித்தவர் கோயில்களிற் பிறப்பும் மணமும் இறப்பும் பதிந்த புத்தகங்கள் உள்ளன.

பக்கிங்காம் கால்வாயில் ஓடம் தள்ளினார் வழித்தோன்றல்களும் நம்மிடையே உளர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே முதலில் வெட்டப்பட்டுப் பின் நீண்ட அக்கால்வாய், தாது வருஷப் பஞ்சத்தை ஒட்டி விரிவாக்கப்பட்டு, 1878-இல் அக்காலத்துக் கவர்னர் பெயரைப் பெற்றது. விறகும் உப்பும் கிளிஞ்சலும் அவ்வழியே சென்னைக்குச் சென்றன. சென்னை மாநகரத்துப் பழைய மாளிகைகளின் சுண்ணாம்பிற் பழவேற்காட்டு ஏரியின் கிளிஞ்சலும் கலந்துள்ளது என்பதை அம்மாநகரத்தாருள் எத்தனைபேர் அறிவர்? 1969-இல் ஸ்ரீஹரிகோட்டை ராக்கெட்டு ஏவுதளத்திற்குத் தெரிந்தெடுக்கப்பட்டது. 1971 அக்டோபரில் முதல் ராக்கெட்டு அங்கிருந்து எழுந்தது. அத்தீவினின்றும் எழுப்பப்பட்ட குடும்பங்கள் விட்டுவந்த கோயிலும் கிணறும் துறையும் அவர்கள் சொல்லில் மட்டுமே உள்ளன. அச்சொல்லும் இத்தலைமுறையோடு நின்றுவிடும்.

இனி, மனத்திற்குக் கசப்பான ஒன்றையும் கூறாதொழியேன். பலரையும் அழைத்துப் பேசினால் நமக்கு உவப்பில்லாத செய்திகளும் வெளிவருமே என்று சிலர் அஞ்சுகின்றனர். வெளிவரும் என்பது உண்மையே. பதினேழாம் நூற்றாண்டிற் பழவேற்காட்டுத் துறையினின்றும் துணிமட்டுமன்றி மனிதரும் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டுப் பட்டாவியா முதலிய இடங்கட்கு விற்கப்பட்டனர். பஞ்சகாலத்தில் வயிற்றின் கொடுமையால் விலைப்பட்டாரும் அவருட் பலர். விற்றவரும் விலைப்பட்டவரும் கரையில் நின்று கண்டவரும் இந்நிலத்தாரே. பாட்டு முறையும் அங்ஙனமே. அது நம்முள் ஒருவர்க்கொருவர் நீதி செய்தது. ஆயின் நம் குலத்திற் பிறவாதார்க்கும், பெண்டிர்க்கும் அச்சீட்டில் இடமில்லை. இறாலுக்கு வெளிநாட்டில் விலை ஏறிய பின் ஏரியில் இறங்குவார் தொகை பெருகவே, பாடுடையார்க்கும் பாடில்லார்க்கும் இடையே பிணக்குகள் உண்டாயின. பாடில்லாதவன் கண்ணுக்கு அம்முறை எங்ஙனம் தோன்றியது என்பதை அவன் வாயினின்றும் கேளாமல் எழுதப்படும் பாட்டுச் சரித்திரம் பாதிச் சரித்திரமே. கேட்டெழுதுவதனால் நம் உரிமை கெடுமோ என்று ஐயுற வேண்டா. வழக்கைத் தீர்ப்பது பஞ்சாயத்தாரும் நீதிமன்றத்தாரும் செய்யும் காரியம். நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறு குறித்து வைப்பதே கழகத்தின் காரியம்.

இத்தகைய கழகத்தை எளியோர் நடத்துதல் கூடுமோ எனின், கூடும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்றுகள் பல. திருச்சிராப்பள்ளியிற் கண் மருத்துவராகிய கலைக்கோவன் என்பார் 1982-இல் இராசமாணிக்கனார் பெயரால் வரலாற்று ஆய்வு மையம் நிறுவிக் கோயில்களையும் கல்வெட்டுக்களையும் ஆராய்ந்தார். இராமநாதபுரம் ஜில்லா திருப்புல்லாணி அரசு மேனிலைப் பள்ளியில் 2010-இல் தொடங்கிய தொன்மைப் பாதுகாப்பு மன்றத்திற் பள்ளிச் சிறுவரே கல்வெட்டுப் படிக்கப் பழகினர். மயிலாடுதுறையை அடுத்த செம்பியன்கண்டியூரிற் பழைய குறியீடுகள் பொறித்த கற்கோடரி 2006-இல் ஒரு பள்ளி ஆசிரியர் வீட்டுத் தோட்டத்திலே வெளிப்பட்டது. 2015-இல் அகழாய்வு தொடங்கி உலகறிந்த கீழடியைப் பற்றி, 1970-களிலேயே அவ்வூர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர் அதிகாரிகட்குத் தெரிவித்திருந்தார். பழவேற்காட்டிலும் ஆர்டே என்னும் அறக்கட்டளையார் பழைய கட்டடங்களையும் ஏரியையும் பற்றி ஆவணஞ் செய்துள்ளனர். இவ்வூர்களில் எல்லாம் தொடங்கினார் அரசரும் அல்லர், செல்வரும் அல்லர்.

கடல்கடந்த நாட்டிலும் இவ்வாறே. ஸ்வீடன் தேசத்து எழுத்தாளராகிய ஸ்வென் லிண்ட்குவிஸ்ட் என்பார் 1978-இல், நிற்குமிடத்தைத் தோண்டுக என்னும் பொருள்படும் பெயரோடு ஒரு நூல் வெளியிட்டனர். ஆலைகளின் சரித்திரமெல்லாம் முதலாளிமார் நோக்கில் எழுதப்பட்டன. ஆலையில் உழைப்பவனே தன் தொழிலை நன்கறிந்தவன். ஆதலின் அவனே ஆராய்ச்சியாளன் ஆகலாம் என்பது அந்நூலின் கருத்து. அதனைக் கண்டு தொழிலாளர் பலர் சிறு சிறு குழுக்களாகக் கூடித் தத்தம் ஆலையின் பழங்கதையை ஆராயத் தலைப்பட்டனர். சிமிட்டி ஆலைத் தொழிலாளிக்கு இயன்றது வலைத்தொழிலாளிக்கு இயலாதோ?

இனிக் கழகத்தை நடத்தும் முறை பற்றிச் சில கூறி முடிப்பேன்.

முதலாவது இடம். நம் சங்கத்துக் கூடத்தில் வைத்தால் ஏனையோர் வாயிலளவில் நிற்பர். கோயில் மண்டபமாயினும் பள்ளிவாசலாயினும் அங்ஙனமே. எல்லார் பிள்ளைகளும் படிக்கும் பள்ளிக்கூடத் தாழ்வாரமே தக்கது. நாற்காலி சிலர்க்கும் பாய் சிலர்க்கும் ஆகாது, எல்லார்க்கும் பாயே. முதுகுவலியுடைய கிழவர்க்கு நாற்காலி இடுதல் வேறு.

இரண்டாவது காலம். வலைக்குச் செல்லும் நேரத்திற் கூட்டம் வைத்தால் வேலையில்லாதாரே வருவர். காலையில் மீன்விற்கச் செல்லும் பெண்டிர் மாலையிலன்றி வாரார். ஏரித்தொழில் செய்வாரை வினவி, அவர்க்கு ஒழிந்த மாலையைத் தெரிந்துகொள்ளுதல் வேண்டும். கூட்டம் ஒரு மணி நேரத்திற்கு மேற்படலாகாது.

மூன்றாவது வரவேற்கும் முறை. புதிதாய் வந்தாரை நோக்கி, "நீவிர் யார் வீட்டார்? என்ன குலம்?" என்று வினவுதல் நம் ஊர் வழக்கம். அவ்வழக்கம் கழகத்தின் வாயிலிலே நிற்க. "உம் வீட்டில் மிகப் பழைய பொருள் எது?" என்பதே முதல் வினாவாகுக. எவர்க்கும் விடையுள்ள வினா அது. ஒருவர் பழந்துடுப்பைக் கூறுவர். ஒருவர் பாட்டியின் உலக்கையைக் கூறுவர். பேச்சுத் தானே தொடங்கும். கற்றார் முதலில் வாய் திறத்தல் கூடாது. எளியேன் போன்ற ஆசிரியர்க்கு இவ்விதி மிகவும் இன்றியமையாதது. யாம் பேசத் தொடங்கின் ஏனையோர் மாணாக்கராகி வாய்மூடிவிடுவர்.

நான்காவது குறிக்கும் முறை. சொன்னவர் சொல்லைச் சொன்னவாறே எழுதுக. காற்றுக்கும் நீரோட்டத்திற்கும் மீனுக்கும் அவர் கூறும் பெயரை இலக்கணத்தமிழாக்கித் திருத்தற்க. ஒரே நிகழ்ச்சியை இருவர் இருவிதமாகக் கூறின், இரண்டையும் அடுத்தடுத்து எழுதி, எது மெய் என்னும் முடிவை ஆதாரம் கிடைக்குமளவும் நிறுத்தி வைக்க. சொன்னவர் இசைந்தாலன்றி அவர் பெயரை வெளியிடற்க. எழுதி முடித்தபின் அதனை அவர்க்கே படித்துக் காட்டுக.

ஐந்தாவது பொருள்களைப் பேணும் முறை. எவர் வீட்டுப் பத்திரத்தையும் கழகத்தார் எடுத்துச் செல்லலாகாது. இன்று கைப்பேசி இல்லாத வீடில்லை. வீட்டார் கண்முன்னரே படம் பிடித்து, பொருளை அவர் கையிலேயே கொடுத்துவிடுக. படங்களை இரண்டு வேறிடங்களில் வைக்க. ஒன்று கடற்கரைக்குத் தொலைவில் இருத்தல் வேண்டும். கல்லறைத் தோட்டம் போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களிற் கல்லைத் தேய்த்தலும் பெயர் கீறுதலும் குற்றமென்று சிறுவர்க்கு முதலிலேயே உணர்த்துக. மண்ணிற் புதைந்து கிடைக்கும் பொருள் பத்து ரூபாய் மதிப்பிற்கு மேற்பட்டதாயிற் கலெக்டருக்கு அறிவித்தல் வேண்டும் என்பது 1878-ஆம் ஆண்டின் புதையற் சட்டத்தின் விதி. கழகத்தார் அதனை மறத்தல் கூடாது.

பெரியோர்களே! "நம் கதையில் ஓடத்தில் இருந்தவன் பெயர் இல்லை" என்று வருந்திய அம்முதியார்க்கு யான் கூறும் விடை இதுவே. அப்பெயர் முற்றும் அழிந்துபோகவில்லை. ஒன்று மீன்கொண்டவர் கணக்கில் உள்ளது. ஒன்று கோயிற் பதிவில் உள்ளது. ஒன்று பறி கவ்விய கிழவியின் நினைவில் உள்ளது. அவர்களை வெளியே நிறுத்திக் கதவை அடைத்தால், நம் பாட்டன்மார் பெயர்களையே வெளியே நிறுத்தினவராவோம்.

சங்கத்தார் இசைவராயின், முதற் கூட்டத்தைப் பள்ளித் தாழ்வாரத்திற் கூட்டும் பொறுப்பை எளியேன் ஏற்பேன். எழுத்தழிந்த என் பாட்டனார் புத்தகத்தை யான் கொணர்வேன். பற்றுவரவுப் புத்தகம் மூன்றையும் கொணர்வதாக அம்முகமதிய அன்பரும் வாக்களித்துள்ளார். இரண்டையும் ஒரு பாயில் அருகருகே வைத்துக் கழகத்தைத் தொடங்குவோம். நம் குடும்பத்தார் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டுப் பெட்டியை இம்மழைக்காலத்திற்கு முன் ஒருமுறை திறந்து பார்ப்பாராக.